கிறிஸ்துமஸ் அன்று வீட்டில் சமைக்காமல் ஓட்டலுக்குப் போகலாமா? பெரியவர்கள் ஏற்றுக்கொள்வார்களா?

போகலாம். ஆனால் எந்த வேளைக்குப் போவது, வீட்டில் எதை விடாமல் செய்வது என்ற இரண்டையும் வீட்டுப் பெரியவர்களோடு முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிறோம், மாமியாருக்கு மூட்டுவலி, ஆனாலும் "பெருநாளன்று அடுப்பு எரியாத வீடு என்று பேர் வாங்கக் கூடாது" என்கிறார் என எழுதியிருக்கிறீர்கள். எங்கள் வீட்டில் இதே வார்த்தையை நான் பல ஆண்டுகள் கேட்டிருக்கிறேன்.

நாங்கள் தூத்துக்குடியில் இருக்கும் கத்தோலிக்கக் குடும்பம். எங்கள் பக்கத்தில் கிறிஸ்துமஸ் சமையல் என்பது 25ஆம் தேதி காலையில் தொடங்குகிற வேலை இல்லை. டிசம்பர் 15க்குள் முந்திரிக்கொத்துக்குப் பாசிப்பயறு வறுத்துத் திரித்தாக வேண்டும். அடுத்து அச்சுமுறுக்கு, அதிரசம், கல்கல். 24ஆம் தேதி என் அத்தை (கணவரின் அம்மாவை அப்படித்தான் அழைப்பேன்) இன்றைக்கும் ஒருசந்தி (ஒருவேளை மட்டும் சாப்பிடும் நோன்பு) இருப்பார். நள்ளிரவுப் பூசை முடிந்து, குடிலில் பாலன் இயேசு சொரூபத்தை முத்தமிட்டு வீடு திரும்ப மணி இரண்டாகிவிடும். கண் மூடினோமா இல்லையா என்பதற்குள் மாமா கறிக்கடை வரிசையில் நிற்கக் கிளம்பிவிடுவார். ஐந்து மணிக்கு அத்தை அடுப்படியில் இருப்பார். காலைக்குத் தோசையும் ஆட்டுக்கறிக் குழம்பும், மதியத்துக்குப் பிரியாணி, கோழி வறுவல், வெங்காயப் பச்சடி, அவித்த முட்டை. நடுவில் பார்க்க வருகிறவர்களுக்குத் தட்டில் பலகாரம் எடுத்து வைப்பது. நான் கூடமாட நின்றாலும் உப்பு, காரம், தம் எல்லாம் அவர் கைதான்.

எல்லோரும் சாப்பிட்டு முடித்து மூன்று மணிக்கு மேல்தான் அத்தை உட்காருவார். அப்போதும் பிரியாணியைத் தொடமாட்டார். கொஞ்சம் சோறு, ரசம், ஒரு அப்பளம். அத்தைக்குப் பிரியாணி பிடிக்காது என்றுதான் திருமணமாகி வந்த நாள்முதல் பதினெட்டு ஆண்டுகளாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் பெற்ற பிள்ளைகளும் அப்படித்தான் நினைத்திருந்தார்கள்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழை உங்களுக்கும் நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. தாமிரபரணி கரை புரண்டது. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் ஒரு ரயிலும் அதிலிருந்த நூற்றுக்கணக்கான பயணிகளும் நடுவெள்ளத்தில் மாட்டிக்கொண்டார்கள். எங்கள் தெரு தாழ்வான பகுதி. கீழ்வீட்டில் இடுப்பளவு தண்ணீர். சிலிண்டர் மிதந்தது, கிரைண்டர் மோட்டார் போனது, ஒரு வாரம் உட்கார்ந்து செய்து அடுக்கியிருந்த பலகார டின்கள் சேற்றுத் தண்ணீரில் மிதந்து வந்து மாடிப்படியில் முட்டிக்கொண்டு நின்றன. அத்தை ஒரு டின்னைத் திறந்து பார்த்தார். முந்திரிக்கொத்து ஊறிக் கரைந்து போயிருந்தது. ஒன்றும் பேசாமல் மூடி வைத்துவிட்டார். அந்த ஒரு வாரமும் யார் யாரோ படகிலும் டிராக்டரிலும் கொண்டுவந்து கொடுத்த பொட்டலச் சோற்றைத்தான் சாப்பிட்டோம்.

தண்ணீர் வடிந்து, சேற்றைக் கழுவி முடிக்கும்போது பெருநாள் வந்துவிட்டது. அடுப்படி அடுப்படியாகவே இல்லை. மேட்டுப் பகுதியில் ஒரு ஓட்டல் திறந்திருப்பதாகக் கேள்விப்பட்டு, மதியம் ஏழு பேரும் அங்கே போனோம். புதுத்துணிகூட யாருக்கும் இல்லை.

பரிமாறிய தம்பி முதல் கரண்டியை அத்தையின் இலையில்தான் வைத்தார். அத்தை கையை மடியில் வைத்துக்கொண்டு மற்றவர்கள் இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். மாமாவுக்குப் பச்சடி வரவில்லை என்று எழுந்திருக்கப் போனார். "அந்தத் தம்பி கொண்டுவருவார், நீ சாப்பிடு" என்றார் மாமா. அதன் பிறகுதான் இலையில் கை வைத்தார். சீரகச் சம்பா அரிசி, கறி நன்றாக வெந்திருந்தது. தலையை நிமிர்த்தாமல் சாப்பிட்டார். எலும்பைத் தட்டி நல்லியை உறிஞ்சினார். பிறகு அந்தத் தம்பியை அவரே கூப்பிட்டு, "இன்னும் கொஞ்சம் வையுங்கள் தம்பி, அடிச்சோறாகப் பார்த்து" என்று கேட்டார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

திரும்பும் வழியில் ஆட்டோவில் கேட்டேன்: "உங்களுக்குப் பிரியாணி பிடிக்குமா அத்தை?"

"பிடிக்காமல் என்ன? விடியற்காலையிலிருந்து அந்த ஆவியிலேயே நின்றால் பசி செத்துவிடும். ரசம்தான் இறங்கும்."

ஓட்டலுக்குப் போகலாமா என்று யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான். உங்கள் மாமியார் கடந்த கிறிஸ்துமஸ் மதியம் என்ன சாப்பிட்டார், எத்தனை மணிக்குச் சாப்பிட்டார் என்று நினைத்துப் பாருங்கள்.

அதே நாள் சாயங்காலம் இன்னொன்றும் தெரிந்தது. எதிர்வீட்டு அக்கா ஒவ்வொரு தீபாவளிக்கும் எங்களுக்குத் தட்டு நிறையப் பலகாரம் அனுப்புவார். கிறிஸ்துமஸுக்கு அந்தத் தட்டை நாங்கள் நிறைத்துத் திருப்பி அனுப்புவோம். அந்த ஆண்டு அனுப்ப ஒன்றுமில்லை. அவர் வீட்டிலும் வெள்ளம்தான், அவர் எதிர்பார்க்கவும் இல்லை. ஆனாலும் அத்தை வாசலுக்கே வரவில்லை, விளக்கைக்கூடப் போடாமல் உள்ளேயே இருந்தார். அடுப்பு எரிய வேண்டும் என்று அவர் சொல்லிவந்தது எங்கள் ஏழு பேர் சாப்பாட்டை மனத்தில் வைத்து மட்டும் இல்லை என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. நாம் சாப்பிடுவதற்கு ஓட்டல் போதும். பிறருக்குக் கொடுப்பதற்கு வீட்டில் ஏதாவது செய்திருக்க வேண்டும்.

அதனால் 2024 முதல் இப்படி வைத்துக்கொண்டோம். பலகாரம் வீட்டில்தான், ஆனால் இரண்டே வகை: முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும். கேக்கும் மக்ரூனும் பேக்கரியில் வாங்கிவிடுவோம். எங்கள் ஊர் மக்ரூன் முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி மூன்றும் சேர்ந்தது. ஈரக்காற்று பட்டால் பிசுபிசுத்துவிடும் என்பதால் காற்றுப் புகாத டப்பாவில் வைக்க வேண்டும். முட்டை சாப்பிடாத வீடுகளுக்குப் போகும் தட்டில் முந்திரிக்கொத்து மட்டும். காலைக் கறிக்குழம்பு அத்தை கையால், ஒரு கிலோ கறியில். பூசை முடிந்து வந்து தூங்கி எழும்போது வீட்டில் அந்த வாசனை வர வேண்டும் என்று பிள்ளைகளே கேட்கிறார்கள். மதியச் சாப்பாடு மட்டும் வெளியே.

2024இல் ஒரு தவறும் செய்தோம். முன்பதிவு செய்யாமல் ஒன்றே முக்கால் மணிக்கு ஓர் ஓட்டலுக்குப் போய், வாசலில் ஒரு மணி நேரம் நின்று, உள்ளே போனபோது ஆட்டுக்கறி தீர்ந்துவிட்டது என்றார்கள். பசியில் பிள்ளைகள் அழுதார்கள், மாமாவுக்குச் சர்க்கரை இறங்கிக் கை நடுங்கியது. ஆகவே ஒரு வாரம் முன்பே நேரில் போய்ப் பேசுங்கள். பன்னிரண்டு மணிக்கு வருகிறோம், இத்தனை பேர், இத்தனை மட்டன் பிரியாணி எடுத்து வையுங்கள் என்று சொல்லிக் கொஞ்சம் முன்பணமும் கொடுத்துவிடுங்கள். மூட்டுவலி உள்ளவர் இருப்பதால் தரைத்தளத்தில், கைப்பிடி உள்ள நாற்காலி கிடைக்குமா என்று பார்த்துவிட்டு வாருங்கள். ஏசி அறை மாடியில்தான் என்றால் அந்த ஓட்டல் வேண்டாம்.

செலவு கூடத்தான் செய்யும். சாதாரண ஓட்டல் பில்லில் 5 சதவீத ஜிஎஸ்டி சேரும். அறை வாடகை அதிகமான நட்சத்திர ஓட்டல்களில் அது 18 சதவீதம். கிறிஸ்துமஸ் பஃபே என்று பெரிய விலை சொல்லும் இடங்களில் வரியோடு சேர்த்து எவ்வளவு என்று கேட்டுவிட்டுப் போங்கள். சேவைக் கட்டணத்தைத் தாங்களாகவே பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022இலேயே சொல்லிவிட்டது. என்னைக் கேட்டால் நம் குடும்பங்களுக்கு பஃபே சரிப்படாது. வயதானவர்கள் தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். இலை போட்டுப் பரிமாறுகிற இடமே நல்லது.

என் நாத்தனார் லண்டனில் இருக்கிறார். அங்கே 25ஆம் தேதி ரயில் ஓடாது, பெரிய கடைகள் திறக்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. திறந்திருக்கும் சில உணவகங்களில் மாதக்கணக்கில் முன்பே இடம் பிடிக்க வேண்டுமாம். நமக்கு அந்தச் சிரமம் இல்லை. இங்கே ஓட்டல்கள் வழக்கம்போல் திறந்திருக்கின்றன. நம் பெருநாளன்று நமக்காக நின்று பரிமாறுகிறவர்கள் இருக்கிறார்கள். அத்தை இப்போது ஓட்டலுக்குப் புறப்படும்போது ஒரு பொட்டலம் முந்திரிக்கொத்தைப் பையில் எடுத்து வைத்துக்கொள்கிறார். பரிமாறியவர் கையில் அதைக் கொடுத்துவிட்டுத்தான் எழுந்திருப்பார்.

உங்கள் மாமியாரிடம் பேசும்போது "உங்களால் முடியாது, அதனால் வெளியே போகலாம்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். என் கணவர் ஒருமுறை அப்படிச் சொல்லிவிட்டு இரண்டு நாள் சமாதானம் பேச வேண்டியிருந்தது. காலைக் குழம்பு உங்கள் கையால்தான் வேண்டும், மதியம் எங்கே போகலாம் என்று நீங்களே சொல்லுங்கள் என்று கேட்டுப் பாருங்கள். முன்பதிவு செய்யப் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அரிசி என்ன, கறி எங்கே வாங்குகிறார்கள் என்று அவர் கேட்கிற கேள்விகளை ஓட்டல்காரரிடம் அவரே கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.