நடுவழியில் செயின் அறுந்தால் கையில் என்ன இருக்க வேண்டும்?

வாசகர் கேள்வி: போன மாதம் கொல்லிமலை ஏறும்போது பாதி வழியில் சைக்கிள் செயின் அறுந்துவிட்டது. பின்னால் 8 கியர் உள்ள சைக்கிள், வாங்கி இரண்டரை வருஷம் ஆகிறது. காரவள்ளி வரை தள்ளிக்கொண்டே இறங்கினேன். பஞ்சர் கடைக்காரர், ‘கியர் செயின் நம்மகிட்ட இல்லீங்க’ என்று கையை விரித்துவிட்டார். செயின் மட்டமா, நான் ஓட்டியது தப்பா? அடுத்த முறை என்ன எடுத்துப் போக வேண்டும்?

பதில்: 70 கொண்டை ஊசி வளைவுள்ள ஏற்றம் அது. வளைவில் முக்கி மிதித்துக்கொண்டிருக்கும்போதே கியரை மாற்றினீர்களா என்று யோசித்துப் பாருங்கள், பெரும்பாலும் அங்கேதான் வினை. ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு ஏறும்போது செயின் பக்கவாட்டில் முறுக்கிக்கொள்ளும், அந்த நேரம் பார்த்து உடம்பு எடை மொத்தமும் பெடலில் இறங்கினால் வெளித்தகட்டின் துளையிலிருந்து ஆணி நழுவும், அடுத்த மிதியில் செயின் போய்விடும். அறுந்த செயினை எடுத்துப் பாருங்கள். ஒரு பக்கத் தகடு வளைந்து வாய் பிளந்திருந்தால் இதுதான் காரணம். முன்பு எப்போதாவது கடையில் ஆணியை வெளியே தள்ளி மறுபடி அடித்துச் சேர்த்திருந்தால், அந்த இடத்தையே முதலில் சந்தேகப்படுங்கள்.

செயினைத் திட்டுவதற்கு முன்னால் ஸ்டீல் ஸ்கேல் வைத்து அளந்துவிடுங்கள். புதுச் செயினில் 24 கண்ணிக்குச் (ஓர் ஆணியிலிருந்து அடுத்த ஆணி வரை ஒரு கண்ணி) சரியாக 12 அங்குலம். அதற்கு மேல் 1/16 அங்குலம் நீண்டிருந்தால் மாற்றும் நேரம் நெருங்கிவிட்டது, 1/8 வந்துவிட்டால் பின்பக்கப் பற்களும் சேர்ந்தே தேய்ந்திருக்கும்.

சரி, எடுத்துப் போக வேண்டியது. செயினின் ஆணியைத் தள்ளும் செயின் கட்டர் ஒன்று (மல்டி டூலோடு சேர்ந்து வருவதே போதும்), அறுந்த இடத்தை இணைக்கும் இரண்டு பாதிகளான குயிக் லிங்க் இரண்டு, பழைய செயினில் வெட்டிய ஒரு சின்னத் துண்டு, கைக்குட்டை. கூடவே பழைய ஸ்போக்கில் ஒரு விரல் நீளம் வெட்டி இரண்டு முனையையும் கொக்கி மாதிரி வளைத்து வைத்துக்கொள்ளுங்கள். லிங்க் வாங்கும்போது உங்கள் கியர் எண்ணிக்கையைச் சொல்லித்தான் வாங்க வேண்டும். 8 கியர் செயினின் அகலம் 7 மில்லிமீட்டருக்குச் சற்று மேல், 11 கியருக்கு ஐந்தரைதான், ஒன்றுக்கு வாங்கியது இன்னொன்றில் உட்காராது. 6, 7, 8 கியருக்கு மட்டும் ஒரே வகை லிங்க் பொருந்தும்.

ஏன் இரண்டு என்றால், கல்பாக்கம் தாண்டி ஈசிஆரில் எனக்கு ஒருமுறை அறுந்தபோது எண்ணெய்க் கையிலிருந்து லிங்க்கின் ஒரு பாதி வழுக்கி ஓர மணலில் விழுந்துவிட்டது. நகத்தளவு இரும்பு, டார்ச் அடித்துத் தேடியும் கிடைக்கவில்லை. பையில் இன்னொன்று இருந்ததால் ஊர் வந்து சேர்ந்தேன். அன்றிலிருந்து கீழே கைக்குட்டையை விரித்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குகிறேன்.

செயின் முழுசாகக் கழன்று பின்னால் ரோட்டில் கிடந்தால் திரும்பிப் போய் எடுத்து வாருங்கள். செயினில் அகலமான வெளிக்கண்ணியும் அதற்குள் நுழையும் உள்கண்ணியும் மாறி மாறி வரும். பிளந்த வெளிக்கண்ணியின் இரண்டு ஆணியையும் கட்டரால் தள்ளி அதைக் கழற்றிவிடுங்கள். கட்டரின் முனை ஆணியின் நடுவில் நேராக உட்கார்ந்த பிறகுதான் திருக வேண்டும், சாய்ந்தால் கட்டர்தான் உடையும். இப்போது இரண்டு பக்கமும் உள்கண்ணி, நடுவில் குயிக் லிங்க் வந்து உட்காரும், நீளமும் குறையாது. உடைந்தது உள்கண்ணி என்றால் அதையும் அதன் இருபக்க வெளிக்கண்ணிகளையும் எடுத்துவிட்டுப் பழைய துண்டிலிருந்து ஓர் உள்கண்ணியை நடுவில் வைத்து, இருபுறமும் இரண்டு லிங்க்கையும் போட்டுவிடலாம். மாட்டுவதற்கு முன் முன்பக்கச் செயினைப் பல்சக்கரத்திலிருந்து உள்பக்கம் தள்ளிவிட்டால் தளர்வு கிடைக்கும், மீதியை ஸ்போக் கொக்கி பிடித்துக்கொள்ளும். அப்புறம் செயினை ஏற்றி, லிங்க் மேல்வரிசைக்கு வரும்படி பெடலைச் சுற்றி, பின் பிரேக்கைப் பிடித்தபடி ஓங்கி ஒரு மிதி. ‘டக்’ என்று கேட்டால் பூட்டிக்கொண்டது.

பலர் தடுமாறுவது பின்பக்க டெரெய்லரில் (கியர் மாற்றும்போது செயினை நகர்த்தும், இரண்டு உருளை உள்ள பகுதி) செயினைக் கோர்க்கும் இடத்தில்தான். மேல் உருளைக்கு முன்பக்கமாக இறங்கி, கீழ் உருளைக்குப் பின்பக்கமாக வளைந்து வர வேண்டும், நடுவில் இருக்கும் சின்ன நாக்குக்கு உள்ளே போக வேண்டும். பெடலைச் சுற்றும்போது கரகரவென்று உரசினால் நாக்குக்கு வெளியே போயிருக்கிறது என்று அர்த்தம். இன்றைக்கே அந்த இடத்தை போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள்.

லிங்க்கே இல்லாவிட்டால் உடைந்த வெளிக்கண்ணியோடு பக்கத்து உள்கண்ணியையும் எடுத்துவிட்டு, ஆணியை முழுசாக வெளியே விடாமல் ஓரத் தகட்டிலேயே நிறுத்தி, திரும்ப அழுத்திச் சேர்க்கலாம். ஓர் அங்குலம் குறையும், அதனால் முன்னாலும் பின்னாலும் ஒரே நேரத்தில் பெரிய பல்லுக்குப் போகாதீர்கள், டெரெய்லரையே பிய்த்துவிடும். அந்த ஆணியை நம்பி மலை ஏறவும் வேண்டாம், வீடு வந்து சேர மட்டும்தான் அது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை, அறுந்த அதே செயினை வாசலில் வைத்து இரண்டு முறை கழற்றி மாட்டிப் பாருங்கள். பையில் எல்லாம் இருந்தும், கட்டரை எந்தப் பக்கம் திருகுவது என்று தெரியாமல் இருட்டில் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஏற்றத்தில் கியர் மாற்றும்போது அரைச் சுற்று மட்டும் காலை லேசாக விடுவதையும் அப்படியே பழகிக்கொள்ளுங்கள்.