மைக்கைத் திறந்தாலே சண்டை: கேமிங் சென்டர் அண்ணன் பதில்கள்

(ஆன்லைன் விளையாட்டுகளில் நடக்கும் இன, மொழி, சாதி, அரசியல் சண்டைகளைப் பற்றி வாசகர்கள் எழுதியவை இந்த இதழில். பதில் சொல்பவர் காரைக்குடி செக்காலை ரோட்டில் பிரவுசிங் சென்டராக ஆரம்பித்து, இப்போது கேமிங் சென்டர் நடத்துகிறவர்.)

அண்ணே, நான் பி.ஜி.எம்.ஐ. (பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா) என்ற துப்பாக்கிச் சண்டை விளையாட்டில், முன்பின் தெரியாத நாலு பேர் சேரும் ராண்டம் ஸ்குவாடில்தான் விளையாடுவேன். தமிழில் ஒரு வார்த்தை பேசினால் போதும், 'ஏ மதராசி, ஹிந்தி மே போல்' (ஹிந்தியில் பேசு) என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். போன வாரம் நான் குண்டடி பட்டு நாக் ஆகிக் கிடந்தபோது என் ஸ்குவாட்காரன் ஒருவன் பக்கத்திலேயே நின்றுகொண்டு, ரிவைவ் கொடுத்து எழுப்பிவிடாமல் சிரித்தான். நானும் திருப்பிக் கொடுத்தேன். கடைசியில் என் சாட்டைத்தான் தடை செய்தார்கள். நண்பர்களோ 'கேம்ல எதுக்குடா பாலிடிக்ஸ்' என்கிறார்கள். நான் செய்தது தப்பா?
— பொறியியல் மாணவர், கழனிவாசல்

தம்பி, 'கேம்ல எதுக்குடா பாலிடிக்ஸ்' என்ற கேள்வி எப்போதுமே இரண்டாவதாகப் பேசியவனிடம்தான் வரும், கவனித்துப் பாருங்கள். அவன் மதராசி என்றபோது எல்லோருக்கும் அது ஜாலி. நீங்கள் வாயைத் திறந்ததும் அரசியலாகிவிட்டது. இந்தக் கணக்கு எனக்கு என்றைக்கும் பிடித்ததில்லை.

அரசியலே இல்லாமல் விளையாட வேண்டுமென்றால் முதலில் பி.ஜி.எம்.ஐ.யையே போனிலிருந்து தூக்க வேண்டும். 2020 ஜூனில் கல்வான் எல்லையில் இந்திய, சீனப் படைகள் மோதின. அந்த செப்டம்பர் 2ஆம் தேதி மத்திய அரசு தடை செய்த 118 செயலிகளில் பப்ஜி மொபைலும் ஒன்று. மூல விளையாட்டு தென்கொரியாவுடையது. மொபைலுக்குச் செய்து தந்தது சீனாவின் டென்சென்ட். பிறகு கொரியாவின் கிராஃப்டான் நிறுவனம் இந்தியாவுக்கென்று தனியாக இந்த பி.ஜி.எம்.ஐ.யை 2021 ஜூலையில் கொண்டு வந்தது. அதையும் 2022 ஜூலையில் ஆப் கடையிலிருந்து எடுத்து, 2023இல்தான் திரும்ப விட்டார்கள். எல்லையில் நடந்ததற்கு நம் பையன்களின் ஸ்கின்னும் ரேங்க்கும் போயின. இதில் அரசியல் கூடாதென்று யாரிடம் போய்ச் சொல்வது?

இன்னொன்று. பழைய பப்ஜியில் ஆசியா சர்வரில் பாகிஸ்தான், நேபாளம், வங்கதேசம் எல்லாம் கலந்து வரும். அப்போது என் சென்டரில் கேட்ட கூச்சல் எல்லாம் காஷ்மீர், கிரிக்கெட், தாய்நாடு. பாகிஸ்தான்காரனைத் திட்டுவதற்கு நம் பையன்களும் பீகார் பையன்களும் ஒரே கட்சி. இந்தியாவுக்கு மட்டும் என்று ஆனபிறகு அந்த எதிரி இல்லை. ஒரே மாதத்தில் கூட்டணி உடைந்து மதராசி, வடக்கன் என்று ஆரம்பித்துவிட்டார்கள்.

சரி, நீங்கள் 'திருப்பிக் கொடுத்தேன்' என்று எழுதியிருக்கிறீர்கள், என்ன கொடுத்தீர்கள் என்று எழுதவில்லை. எனக்குத் தெரியும். 'பானிபூரி', 'பான்பராக் வாயா', 'வடக்கன்'. தினமும் கேட்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஏழாம் நம்பர் சீட்டில் ஒரு பையன் இப்படிக் கத்திக்கொண்டிருந்தான். எட்டாம் நம்பரில் இருந்தது பக்கத்து மெஸ்ஸில் வேலை பார்க்கும் ஒடிசாப் பையன். பரிமாறுகிற அளவுக்குத் தமிழ் தெரிந்தவன், இதுவும் புரியும். ஹெட்போனைக் கழற்றிப் பக்கத்தில் ஒருமுறை பார்த்தான். திரும்ப மாட்டிக்கொண்டான். அவன் யாரையும் மதராசி என்று சொன்னவனில்லை. உங்களை ரிவைவ் செய்யாதவன் எந்த ஊரோ, அடி விழுந்தது இவனுக்கு.

தடை ஏன் உங்களுக்கு மட்டும் என்றால், ஸ்குவாடில் மற்ற மூன்று பேரும் ஒரே கட்சியாக ரிப்போர்ட் அடித்திருப்பார்கள். நீங்கள் திட்டுவதில் மும்முரமாக இருந்து ரிப்போர்ட் பட்டனை மறந்திருப்பீர்கள். யார் ஆரம்பித்தது என்று கம்பெனி ஊர்க்கூட்டம் போட்டு விசாரிக்காது. ஆகவே முதல் வசவிலேயே மியூட், மேட்ச் முடிந்ததும் ரிப்போர்ட், கூடவே ஸ்கிரீன் ரெக்கார்டிங். அப்புறம் ராண்டத்தை விட்டுவிட்டு நாலு பேரைச் சேர்த்து நிரந்தர ஸ்குவாட் வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒருவன் ஹிந்திக்காரனாக இருந்தால் இன்னும் நல்லது. 'முன்னால ஆள்', 'லெஃப்ட்', 'நேட்' (கையெறி குண்டு) இவ்வளவுதான் விளையாட்டுக்கு வேண்டிய மொழி.

என் மகன் பிளஸ் டூ படிக்கிறான். ராத்திரி மாடியில் ஹெட்போனுடன் விளையாடுவான். அன்றைக்குப் பால் கொண்டுபோனபோது யாரையோ சாதிப் பெயர் சொல்லி, 'நீங்கள்லாம் எதுக்குடா மைக் போடுறீங்க' என்று கத்திக்கொண்டிருந்தான். எங்கள் வீட்டில் அப்படிப் பேசுகிறவர்கள் யாரும் இல்லை. விளையாட்டுதான் கெடுக்கிறதா? போனைப் பிடுங்கிவிடட்டுமா?
— ஒரு தாய், தேவகோட்டை

அம்மா, கோபித்துக்கொள்ளாதீர்கள். சியோலில் உட்கார்ந்து கேம் செய்தவனுக்கு நம்ம ஊர்ச் சாதிப் பெயர் ஒன்றும் தெரியாது. அது திண்ணைப் பேச்சிலிருந்தோ, ஸ்கூல் பஸ்ஸிலிருந்தோ, திருவிழாவுக்கு வைக்கிற ஃபிளெக்ஸிலிருந்தோதான் போனுக்குள் போயிருக்கிறது. வீட்டில் திட்டிப் பேச வேண்டியதில்லை. 'அவங்க வீட்டுலயா சாப்பிட்ட?' என்று மெதுவாகக் கேட்டாலும் பிள்ளைக்குப் புரிந்துவிடும்.

வெளிநாட்டில் கறுப்பர், வெள்ளையர் என்று கேமில் அடித்துக்கொள்கிறார்கள் என்று படித்துவிட்டு நம் ஆட்கள் உச்சுக்கொட்டுகிறார்கள். நான் சென்டரில் சின்னச் சின்ன டோர்னமென்ட் நடத்துவேன். பெயர் பதியும் நோட்டைக் காட்டினால் மயக்கம் வரும். சாதியின் முதல் இரண்டெழுத்து, பிறகு 'கிங்' அல்லது 'சிங்கம்' அல்லது 'வம்சம்', அதற்குப் பின்னால் பிறந்த வருடம். இதுதான் ஐடி. டீம் பெயரும் அதே. இரண்டு டீம் மோதினால் அது ஸ்குவாட் மேட்ச் இல்லை, ஊர்த் தகராறு. ஒரு தடவை தோற்ற டீம் நாற்காலியைத் தூக்கிவிட்டது. இப்போது ஐடியில் சாதி இருந்தால் பதிவு கிடையாது. சில டீம்கள் 'அப்ப நாங்க வரலை' என்று போய்விட்டார்கள். கல்லாவுக்கு நஷ்டம்தான், போகட்டும்.

போனைப் பிடுங்காதீர்கள், பக்கத்து வீட்டுப் பையன் போனில் விளையாடுவான், அங்கே நீங்கள் பால் கொண்டுபோக முடியாது. யாரைப் பார்த்து அப்படிச் சொன்னான் என்று பெயர் கேளுங்கள். 'எவனோ ஒருத்தன்' என்று ஆரம்பிப்பான், விடாமல் கேட்டால் பெரும்பாலும் அதே வகுப்பில் படிக்கிற ஒருவனாக இருக்கும். அந்தப் பையனிடம் இவன் பேச வேண்டும், உங்களிடம் மன்னிப்புக் கேட்டுப் பயனில்லை.

சட்டமும் இருக்கிறது. பட்டியல் சாதியினரையோ பழங்குடியினரையோ மற்றவர்கள் பொதுவெளியில் சாதிப் பெயர் சொல்லித் திட்டினால் 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் குற்றம். இணையத்தில் எல்லோரும் பார்க்கும்படி இழிவாகப் பேசுவதும் அதில் வரும் என்று கேரள உயர் நீதிமன்றம் 2022இல் ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. நாலு பேர் மட்டும் இருந்த வாய்ஸ் சாட் அதில் சேருமா என்பது வக்கீல் பேச வேண்டியது. ஆனால் பையன்கள் மேட்ச்சை யூடியூபில் லைவ் விடுகிறார்களே, அதை ஊரே பார்க்கிறது. மகனிடம் இதையும் சொல்லிவையுங்கள்.

ஐயா, பேரன் ஜப்பானின் சாமுராய்ப் போர்வீரர்களைப் பற்றிய விளையாட்டு ஒன்று ஆடுகிறான். அதில் நாயகன் ஆப்பிரிக்கர். 'சும்மா அரசியலுக்காகக் கறுப்பரைத் திணித்துவிட்டார்கள், இணையம் முழுக்க இதுதான் சண்டை' என்கிறான். நான் சரித்திர ஆசிரியராக இருந்தவன். உண்மை என்ன?
— ஓய்வு பெற்ற ஆசிரியர், கண்டனூர்

ஐயா, சரித்திரத்தில் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியிருக்கிறது, காலக்கொடுமை. அந்த விளையாட்டு 'அசாசின்ஸ் கிரீட் ஷேடோஸ்'. பிரான்சின் யுபிசாஃப்ட் நிறுவனம் செய்தது, 2025 மார்ச்சில் வந்தது. நாயகர் இருவர்: நாவோயே என்ற ஜப்பானியப் பெண், இன்னொருவர் யாசுகே. நாவோயே கற்பனை. யாசுகேதான் நிஜமாக வாழ்ந்தவர், வேடிக்கையைப் பாருங்கள். கோவாவில் இருந்துவிட்டு ஜப்பானுக்குப் போன வாலிஞ்ஞானோ என்ற ஏசுசபைப் பாதிரியாருடன் 1579இல் அங்கே போய் இறங்கியவர். 1581இல் ஓடா நோபுநாகா என்ற பெரிய தளபதி அவரைப் பார்த்து, உடம்பில் மை பூசியிருக்கிறதோ என்று தேய்த்துக் கழுவச் சொன்னதாக ஏசுசபைக் கடிதங்களில் இருக்கிறது. பிறகு தன்னிடமே வைத்துக்கொண்டு வீடும் சம்பளப் படியும் குறுவாளும் கொடுத்தார். 1582இல் நோபுநாகா மாண்டபோதும் யாசுகே கூட இருந்தார். அவரை 'சாமுராய்' என்று சொல்லலாமா என்பதில் வாதத்துக்கு இடமிருக்கிறது. 'திணித்தார்கள்' என்பதற்கு இடமில்லை.

அதற்காக எதிர்த்தவர்கள் எல்லோரையும் ஒரே மூட்டையில் கட்டவும் முடியாது. விளையாட்டில் கோயிலுக்குள் பொருட்களை உடைக்க முடிகிறதே என்று ஜப்பான் மேலவையிலேயே கேள்வி வந்தது. பிள்ளையார்பட்டியை இப்படி ஒரு கேமில் வைத்து எவனாவது குண்டு போட்டால் நாமும் சும்மா இருக்கமாட்டோம். அந்தக் கவலை வேறு, கறுப்பு முகத்தைப் பார்த்ததும் வரும் எரிச்சல் வேறு. இரண்டும் ஒரே கமெண்ட்டில் கலந்து வருவதுதான் பேரனைக் குழப்புகிறது.

அவனிடம் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: 1930இல் ரங்கூனை வைத்து ஒருவன் கேம் செய்கிறான். அதில் தமிழனே இல்லையென்றால் என்ன சொல்வாய்? என் தாத்தா அங்கே ஒரு செட்டியார் கடையில் அடுத்தாளாக, அதாவது உதவியாளாக, இருந்தவர். 'இங்கே இந்தியர் இருந்தது திணிப்பு' என்று எவனாவது எழுதினால் எனக்கு ரத்தம் கொதிக்கும். அதே சமயம் பர்மியன் அந்தக் கேமைச் செய்தால் நம்மை எப்படிக் காட்டுவான்? அந்தப் பத்தாண்டின் பொருளாதார மந்தத்தில் விவசாயி கடனைக் கட்ட முடியாமல், கீழ்ப் பர்மா நெல் வயலில் ஏறக்குறைய கால் பங்கு செட்டியார்கள் கைக்கு வந்தது. அவன் கதையில் நாம் நாயகனாக இருக்க மாட்டோம். தேக்கு வந்த ஊர்க்காரனுக்குச் சொல்லவும் ஒரு கதை இருக்கும். கானாடுகாத்தான் செட்டியார் வீட்டின் பர்மாத் தேக்குத் தூண்களைக் காட்டிக்கொண்டே இதைப் பேசினால் பேரன் அரைமணி நேரமாவது கேட்பான்.

எங்கள் பூர்வீகம் புதுவயல். மலேசியாவில் பிறந்து வளர்ந்தவன். இங்கே கேமில் இந்தியர்களை இழிவாகக் 'கெலிங்' என்பார்கள். புகார் செய்தால் குழுவில் 'அரசியல் பேசாதே' என்று என்னைத்தான் வெளியேற்றுகிறார்கள். அரசியல் இல்லாத கேமிங் குழு என்று ஒன்று நடக்குமா?
— வாசகர், கோலாலம்பூர்

நடக்காது. பெரிய கம்பெனிகளே முயன்று முட்டிக்கொண்டதுதான் மிச்சம். ஹாங்காங்கில் சீனாவுக்கு எதிரான போராட்டம் நடந்த 2019 அக்டோபரில், அவ்வூர் பிளிட்ஸ்சங் என்ற ஆட்டக்காரர் 'ஹார்த்ஸ்டோன்' என்ற சீட்டு விளையாட்டுப் போட்டி முடிந்த பேட்டியில், முகமூடியுடன் ஹாங்காங் விடுதலைக் கோஷம் போட்டார். அதை நடத்தும் பிளிஸார்ட் நிறுவனம் ஒரு வருடத் தடை போட்டு, பரிசுப் பணத்தையும் பறித்தது. உலகம் முழுக்கத் திட்டியதும் பணத்தைத் திருப்பிக் கொடுத்து, தடையை ஆறு மாதமாக்கியது. மறு வருடம் மரம் நட்டு மீன் பிடிக்கிற 'அனிமல் கிராசிங்'கிலேயே ஹாங்காங்காரர்கள் போராட்டம் நடத்த, சீன இணையக் கடைகளில் அது காணாமல் போனது. உங்கள் மலேசியாப் பிள்ளைகளே 2023இல் 'ரோப்லாக்ஸ்' என்ற விளையாட்டுத் தளத்தின் உள்ளே பாலஸ்தீனக் கொடியுடன் ஊர்வலம் போனார்களே! பேசுகிற இடத்தில் எல்லாம் மனிதன் பேசத்தான் செய்வான்.

குழுவுக்கு வேண்டியது நல்ல அட்மின். காரைக்குடிக் கம்பன் விழாவில் பட்டிமண்டபம் கேட்டு வளர்ந்தவன் நான். இராமனையே கிழிகிழியென்று கிழிப்பார்கள், யாரும் அடித்துக்கொள்ள மாட்டார்கள், நடுவர் மணி அடித்தால் உட்கார்ந்துவிடுவார்கள். உங்கள் குழுவில் மணி அடிக்கிறவர் வசவு வந்தபோது தூங்கிவிட்டு, புகார் வந்தபோது அடித்திருக்கிறார். அந்தக் குழுவை விட்டு வந்தது ஒன்றும் நஷ்டமில்லை. நீங்களே ஒன்று தொடங்குங்கள். முதல் விதியாக 'எந்தக் கட்சியையும் கிழிக்கலாம், எவன் பிறப்பையும் தொடக்கூடாது' என்று போடுங்கள். தமிழன் சீனரையோ மலாய்க்காரரையோ பிறப்பைச் சொல்லித் திட்டினால் முதலில் அவனைத் தூக்குங்கள். அதைப் பார்த்தால்தான் மற்றவர்கள் உங்களை நம்புவார்கள்.

மைக்கில் என் குரல் கேட்டதுமே 'பொண்ணா? எந்த ஊர்? எந்த ஆளுங்க?' என்று கேட்கிறார்கள். வாய்ஸ் சேஞ்சர் போடலாமா?
— கல்லூரி மாணவி, பள்ளத்தூர்

போடலாம்மா, ஆனால் குரலை மாற்ற வேண்டியது அவன் இல்லையா? தோழிகளோடு ஸ்குவாட் போடுங்கள். டீம் சாட்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அணைத்துவிடுங்கள். 'எந்த ஆளுங்க' என்று கேட்டவனுக்குப் பதில் தேவையில்லை. மிரட்டினாலோ போட்டோ கேட்டாலோ ஸ்கிரீன்ஷாட் எடுத்து, மத்திய அரசின் சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் போடுங்கள். அதில் பெண்களுக்கென்று தனிப் பிரிவு உண்டு. வீட்டுக்குத் தெரிந்தால் போன் போய்விடும் என்ற பயத்தில் பொறுத்துக்கொண்டிருக்காதீர்கள்.

நீங்கள் எந்தக் கட்சி அண்ணே? உங்கள் சென்டரில் 'அரசியல் பேசக்கூடாது' என்று போர்டு இருப்பதாகக் கேள்விப்பட்டேன்.
— வாசகர், கோட்டையூர்

தவறாகக் கேள்விப்பட்டிருக்கிறீர்கள். போர்டில் மூன்றே வரிதான்: கெட்ட வார்த்தை கூடாது, கீபோர்டைக் குத்தக்கூடாது, வெளியில் வாங்கிய பரோட்டா உள்ளே கூடாது. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வந்தால் மூன்றாவது விதியை எல்லாக் கட்சிக்காரர்களும் ஒற்றுமையாக மீறுவதைப் பார்க்கலாம்.