வடக்குச் சரிவில் ஏன் சிவப்புத் திட்டுகள்?

காட்டுத்தீ அபாய வரைபடத்தில் வடக்குச் சரிவில் மட்டும் திட்டுத்திட்டாகச் சிவப்பு வருகிறது என்றீர்கள். ஒவ்வொரு காரணிக்கும் தரும் எடைமதிப்புகளை மாற்றிப் பயனில்லை. தவறு சரிவுத்திசை அடுக்கில், அதாவது ஒவ்வொரு இடத்திலும் சரிவு எந்தத் திசையை நோக்கியிருக்கிறது என்று பாகையில் சொல்லும் தரவில் இருக்கிறது.

அந்த அடுக்கின் கட்ட அளவை 10 மீட்டரிலிருந்து 30 மீட்டருக்கு பைலினியர் முறையில் (பக்கத்துக் கட்டங்களின் மதிப்பைச் சராசரியாக்கும் முறை) மாற்றியதாக எழுதியிருக்கிறீர்கள். அங்கேதான் சிக்கல். திசை ஒரு வட்டம். 350 பாகையும் வடக்கு, 10 பாகையும் வடக்கு. இரண்டின் சராசரி 180, அதாவது நேர் தெற்கு! மென்பொருள் அதை வெறும் எண்ணாகத்தான் பார்க்கும், பாவம். தெற்குச் சரிவு அதிகம் காயும் என்பதால், அந்த இடத்தை அபாயம் அதிகம் என்று சிவப்பாக்கிவிடுகிறது.

ஒரு சிவப்புத் திட்டைச் சொடுக்கி இரண்டு அடுக்குகளின் மதிப்பையும் பாருங்கள். பழையதில் 0 அல்லது 360-ஐ ஒட்டியும், புதியதில் 180 பக்கமாகவும் இருந்தால் இதேதான். அப்படியானால் முதலில் உயர மாதிரியை (நிலத்தின் உயரத்தைச் சொல்லும் அடுக்கு) 30 மீட்டருக்கு மாற்றுங்கள், அப்புறம் அதிலிருந்து திசையைக் கணக்கிடுங்கள். சமதளத்துக்குச் சில மென்பொருள்கள் -1 என்று போடும். அதைத் தனி வகையாகப் பிரித்துவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை: தெற்குச் சரிவுதான் அதிகம் காயும் என்பது வட அரைக்கோளக் கணக்கு. உங்கள் மலை தென் அரைக்கோளத்தில் இருந்தால் தலைகீழ்.