பேவுல்ஃப் என்ற வீரன் உண்மையிலேயே வாழ்ந்தவனா?

பேவுல்ஃப் வாழ்ந்ததற்கு, அவன் பெயரிலேயே இருக்கும் பழைய ஆங்கிலக் கவிதைக்கு வெளியே ஒரு சான்றும் இல்லை. ஆனால் அவனுடைய தாய்மாமன் வாழ்ந்திருக்கிறார், செத்தும் இருக்கிறார். அதற்குச் சாட்சி உண்டு.

கல்லூரியில் எங்களுக்குக் கதையை மட்டும் சொன்னார்கள். டென்மார்க் அரசன் ஹ்ரோத்காரின் மண்டபத்தில் இரவோடு இரவாக ஆட்களைத் தின்ற கிரெண்டல் என்ற பூதத்தின் கையைப் பிய்த்தெறிகிறான் பேவுல்ஃப். அப்புறம் அதன் தாயைக் கொல்கிறான். 50 ஆண்டுகள் அரசாண்டு, கிழவனான பின் டிராகனோடு மோதிச் சாகிறான். 3182 அடிகள். ஆங்கிலேயர் தங்கள் ஆதி காவியம் என்று கொண்டாடும் இதில் இங்கிலாந்து மண்ணில் ஒரு காட்சிகூடக் கிடையாது என்பது வேறு கதை.

எனக்குப் பிடித்தது பூதங்களுக்கு நடுவே சும்மா வந்துபோகும் ஒரு செய்தி. தென் ஸ்வீடனில் இருந்த கீட் இனத்தின் அரசன் ஹிகெலாக், பேவுல்ஃபின் அம்மாவோடு பிறந்தவர். கப்பல்களோடு இன்றைய நெதர்லாந்துக் கடலோரத்து ஃப்ரீசிய நாட்டின் மேல் படையெடுத்துப் போய், அந்தப் பக்கம் ஆண்ட ஃப்ராங்கு இனத்தாரிடம் செத்துப்போகிறார். திமிரால் வம்பை விலைக்கு வாங்கினார் என்கிறான் புலவன். அதுவும் எங்கே சொல்கிறான்? டேனிஷ் அரசி பேவுல்ஃபுக்கு ஒரு கழுத்தணியைப் பரிசளிக்கும் விருந்தில். அவள் நீட்டுகிறாள், அடுத்த அடிகளிலேயே, இதே அணியோடுதான் ஹிகெலாக் கடைசிப் போருக்குப் போனார், பிணத்தோடு அது ஃப்ராங்குகள் கையில் சிக்கியது என்று வந்துவிடுகிறது. விருந்து இன்னும் முடியக்கூட இல்லை.

இனி பிரான்சுக்கு வாருங்கள். 594-இல் இறந்த தூர் நகரத்து ஆயர் கிரெகரி, ஃப்ராங்குகளின் வரலாற்றை லத்தீனில் எழுதினார். குளோகிலைகஸ் என்ற டேனிய அரசன் கப்பல் படையோடு வந்து தியூடெரிக் என்ற ஃப்ராங்கு மன்னரின் நாட்டில் ஒரு பகுதியைச் சூறையாடினான். கொள்ளையும் கைதிகளும் ஏற்றிய கப்பல்கள் முன்னால் கடலுக்குப் போக, அவன் கரையிலேயே தங்கினான். அதற்குள் இளவரசன் தியூடெபெர்ட் படையோடு வந்து அவனைக் கொன்று, கப்பல்களையும் மடக்கிப் பொருளை மீட்டான் என்கிறார். நடந்தது சுமார் 520 வாக்கில். குளோகிலைகஸ், ஹிகெலாக் இரண்டும் ஒரே பெயர்தான், லத்தீன் வாயில் அப்படித் திரிந்திருக்கிறது. 1815-இல் கவிதை முதன்முதலாக அச்சேறிய சில ஆண்டுகளுக்குள் டேனிய அறிஞர் குருண்ட்விக் இதைப் பிடித்துவிட்டார். கிரெகரி டேனியன் என்கிறார், கவிதை கீட் என்கிறது. கொள்ளையடிக்கப்பட்டவர்களுக்கு வடக்கிலிருந்து வந்த எல்லோரும் ஒன்றாகத்தான் தெரிந்திருப்பார்கள்.

சரி, மாமன் நிஜம் என்றால் மருமகன்? என் கணிப்பு, இல்லை. பழைய ஆங்கிலக் கவிதையை மோனைதான் கட்டி நிறுத்துகிறது. அரச குடும்பங்கள் பிள்ளைகளுக்குப் பெயர் வைத்ததும் பெரும்பாலும் மோனை பார்த்துத்தான். ஹ்ரெதெல், அவர் பிள்ளைகள் ஹெரெபெயால்ட், ஹாத்கின், ஹிகெலாக், பேரன் ஹெயார்ட்ரெட். எல்லாம் 'ஹ'. பேவுல்ஃப் என்ற பெயர் இவற்றோடு ஒட்டவில்லை. அவன் அப்பா எக்தியோ, அதோடும் ஒட்டவில்லை. எங்கிருந்தோ வந்த நாட்டுப்புறக் கதை வீரனை ஒரு நிஜமான அரச குடும்பத்தில் சொருகியதுபோல் இருக்கிறது. சொருக வாகான இடம் சகோதரி மகன்தான். ஜெர்மானிய இனங்களில் சகோதரியின் பிள்ளைகள் மேல் தகப்பனுக்கு உள்ள அதே அளவு பாசம் தாய்மாமனுக்கும் உண்டு என்று ரோமானியர் டாசிட்டஸ் கி.பி. 98 வாக்கிலேயே எழுதியிருக்கிறார். நமக்கு இதை விளக்கவே வேண்டாம்!

ஹிகெலாக் செத்த அந்தத் தோல்வியிலும் மருமகனுக்கு ஒரு சாகசம் உண்டு: 30 பேரின் போர்க்கவசங்களைச் சுமந்துகொண்டு கடலில் நீந்தித் தப்பிக்கிறானாம். கிரெகரி இதைப் பற்றி மூச்சு விடவில்லை.

மாமனையும் கட்டுக்கதை விட்டுவைக்கவில்லை. விசித்திரப் பிறவிகளைப் பற்றிய ஒரு பழைய லத்தீன் நூலில் அவர் கீட்களின் அரசனாகவே வருகிறார். 12 வயதிலிருந்தே எந்தக் குதிரையாலும் சுமக்க முடியாத ராட்சதன். ரைன் நதி கடலில் கலக்கும் இடத்துத் தீவில் அவருடைய எலும்புகளை வைத்து, தூரத்திலிருந்து வருகிறவர்களுக்கு வேடிக்கை காட்டினார்களாம்.