கடன் பத்திரத்தில் கையெழுத்திடும் முன் பண்ணைக்குள் போய் வாருங்கள்

சென்னையிலிருந்து ஓர் அம்மா கேட்கிறார். மகள் பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண். நீட் மதிப்பெண் அரசு எம்.பி.பி.எஸ். இடத்துக்குப் போதாது. அவள் விரும்புவது கால்நடை மருத்துவம். "மாட்டு டாக்டர் ஆகவா இவ்வளவு படிச்சா?" என்று கேட்கும் பெரியப்பா, இவர்கள் வீட்டை அடமானம் வைத்துத் தனியார் மருத்துவக் கல்லூரியில் சேர்க்கச் சொல்கிறார். பசுவைத் தெருவில் மட்டுமே பார்த்த பெண்ணுக்கு இது ஒத்துவருமா என்பது அம்மாவின் பயம்.

பயம் புரிகிறது. ஆனால் அடமானம் வேண்டவே வேண்டாம். அவள் கேட்காத படிப்புக்கு வாங்கும் கடனை உறவினர் யாரும் கட்டப்போவதில்லை. தமிழ்நாட்டில் கால்நடை மருத்துவப் பட்டப்படிப்பான பி.வி.எஸ்சி.யின் மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கு பிளஸ் டூ மதிப்பெண்தான் கணக்கு, நீட் தேவையில்லை. உள்ளிருப்புப் பயிற்சியோடு ஐந்தரை ஆண்டு. 1903இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி உங்கள் ஊரிலேயே, வேப்பேரியில் இருக்கிறது.

மகளிடமும் ஒன்று சொல்ல வேண்டும். நாய்க்குட்டி மேல் பாசம் மட்டும் போதாது, கண்ணு. தீவனம், கொட்டகை, சினை, பால், முட்டை, இறைச்சி எல்லாமே பாடம். விவசாயம் தெரியாத கால்நடை மருத்துவர் எழுதும் சீட்டு மாட்டுக்காரருக்குக் கட்டுப்படியாகாது.

நகரத்துப் பிள்ளைகள் இதைத் தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு; யாரும் சொல்வதில்லை. விர்ச்சுவல் பண்ணைச் சுற்றுலா. கனடாவின் 'ஃபார்ம்ஃபுட்360' தளத்தில் பால் பண்ணை, பன்றிப் பண்ணை, முட்டைக்கோழிப் பண்ணைகளுக்குள் கைபேசியிலேயே நாலாபுறமும் திரும்பிப் பார்க்கலாம், இலவசம். கால்நடை மருத்துவ மாணவர்களுக்குப் பாடம் நடத்தவும் இப்படிப்பட்ட சுற்றுலாக்கள் கைகொடுக்கின்றன. பறவைக் காய்ச்சல் போன்ற தொற்று செருப்பிலும் வண்டிச் சக்கரத்திலும் ஒட்டிக்கொண்டு வரும் என்பதால், பெரிய கோழிப் பண்ணைகளில் வெளியாட்களை எளிதில் உள்ளே விடமாட்டார்கள். வகுப்பு முழுவதையும் அங்கே அழைத்துப் போவது நடக்காத காரியம்; கேமராவோடு ஒருவர் போனால் எல்லோரும் பார்க்கலாம்.

வேடிக்கை பார்க்காமல், நோட்டு எடுத்துக்கொண்டு பார்க்கட்டும். தண்ணீர்த் தொட்டி எங்கே? சாணம் எந்தப் பக்கம் வெளியேறுகிறது? கன்றுக்குச் சீம்பால் யார், எப்போது கொடுக்கிறார்கள்? கனடாவில் குளிருக்கு அடைத்துக் கட்டிய கொட்டகை. இங்கே வெயில் உள்ளே விழாதபடி கிழக்கு மேற்காக நீளவாட்டில் கட்டி, பக்கங்களைத் திறந்து விடுகிறோம். ஏன் என்று அவளே யோசித்து எழுதட்டும். இப்படி மூன்று பண்ணையைப் பார்த்தும் ஆர்வம் குறையவில்லை என்றால் அதைச் சின்னப்பிள்ளை ஆசை என்று தள்ளாதீர்கள்.

நாற்றமும், உதைக்கும் காலும், மாட்டின் கனமும் திரையில் வராது. அதனால் அடுத்து, தெரிந்தவர் தொழுவம் ஒன்றில் விடியற்காலைக் கறவையின்போது அவளை நிற்க வையுங்கள். திரும்பி வந்து அவள் சொல்வதுதான் முடிவு. சரி என்றால், கால்நடைப் பல்கலைக்கழகத்துக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். பொறியியல் கலந்தாய்வோடு இது வராது. கடைசித் தேதியை இன்றே பல்கலைக்கழக இணையதளத்தில் பாருங்கள்.