சிடி ஸ்கேன் நார்மல் என்றால் பிரியான் நோய் இல்லை என்று அர்த்தமா?

தருமபுரியில் எடுத்த சிடி நார்மல். ஆனால் அப்பாவுக்கு இரண்டே மாதத்தில் மறதியும் தள்ளாட்டமும் கூடி, இப்போது எம்ஆர்ஐ பார்த்துவிட்டு சிஜேடி (க்ராய்ட்ஸ்ஃபெல்ட்-யாக்கோப் நோய்; பிரியான் என்ற உருமாறிய புரதத்தால் மூளை வேகமாகச் சிதையும் நோய்) சந்தேகம் என்கிறார்கள், எதை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுமே சரியாக இருக்கலாம். இந்த நோயில் சிடி பெரும்பாலும் ஒன்றும் காட்டாது.

எம்ஆர்ஐயில் டிஃப்யூஷன் என்ற படங்களைத்தான் முதலில் பார்க்க வேண்டும். திசுவுக்குள் நீர் மூலக்கூறுகள் எவ்வளவு தாராளமாக நகர்கின்றன என்பதை அவை காட்டும். பிரியான் புரதத்தால் திசு பஞ்சுபோல் ஓட்டை விழும் இடங்களில் அந்த நகர்வு தடைபட்டு, அங்கே வெள்ளையாக ஒளிரும். மூளை மடிப்பின் ஓரமாக ரிப்பன் ஒட்டியது போல வெள்ளைக் கோடு, மூளையின் ஆழத்தில் உள்ள காடேட், புட்டாமென் என்ற பகுதிகள் வெளுத்திருப்பது, இவைதான் முக்கிய அடையாளம். மாட்டிறைச்சியோடு தொடர்புடைய அரிய வகையில், மூளையின் நடுவே உள்ள தலாமஸ் என்ற பகுதியின் பின்பக்கம் ஒளிரும். பெரும்பாலானோருக்கு வருவது அது அல்ல, எனவே சாப்பாட்டை நினைத்து வருந்த வேண்டாம்.

ஆனால் தொடர் வலிப்பு, சர்க்கரை மிகவும் இறங்குவது, ஆட்டோஇம்யூன் மூளை அழற்சி (உடலின் எதிர்ப்பு சக்தியே மூளையைத் தாக்குவது) போன்றவையும் இதேபோன்ற படத்தைத் தரலாம். கடைசியில் சொன்னதற்கு மருந்து உண்டு! அதனால் இஇஜியும் (மூளையின் மின் அலைப் பதிவு) தண்டுவட நீர்ப் பரிசோதனையும் முடியும்வரை எதையும் முடிவு செய்யாதீர்கள். ஓசூர் தாண்டினால் பெங்களூருவில் மூளை, நரம்பு நோய்களுக்கான நிம்ஹான்ஸ் மருத்துவமனைதான். போகும்போது ஃபிலிம் மட்டும் போதாது, ஸ்கேன் படங்கள் உள்ள சிடி டிஸ்கையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.