'நாட் ஆஸ் டால் ஆஸ்' என்று எழுதினால் தவறா? ஆங்கிலத்தில் சமமாக ஒப்பிடும்போது உண்மையில் எப்படிச் சொல்கிறார்கள்?

கேள்வி கேட்டவருக்கு இரண்டு சந்தேகங்கள். எதிர்மறை வாக்கியத்தில் 'நாட் ஸோ டால் ஆஸ்' என்றுதான் எழுத வேண்டும் என்று சொல்லி, 'நாட் ஆஸ் டால் ஆஸ்' என்று எழுதியதற்கு அவருடைய ஆசிரியர் மதிப்பெண் குறைத்திருக்கிறார். அது நியாயமா? அடுத்தது, 'ஆஸ் டால் ஆஸ் மீ' என்று சொல்லலாமா, 'ஆஸ் டால் ஆஸ் ஐ' என்றுதான் சொல்ல வேண்டுமா?

முதலாவதற்கு நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டும் சரி. இன்று ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் 'நாட் ஆஸ்' என்றுதான் சொல்கிறார்கள். 'நாட் ஸோ' என்பது சற்றுப் பழைய, சம்பிரதாயமான நடை. உடன்பாட்டுக்கு 'ஆஸ்', எதிர்மறைக்கு 'ஸோ' என்று பழைய பள்ளி இலக்கணங்கள் பிரித்துக் கொடுத்திருந்தன. அதைப் படித்தவர்கள் அப்படியே கற்பிக்கிறார்கள். நீங்கள் தேர்வு எழுதும் மாணவர் என்றே நினைக்கிறேன். அந்த ஆசிரியர் திருத்தும் தாளில் மட்டும் 'ஸோ' போட்டுவிடுங்கள், அதுவும் பிழையில்லை.

ஆனால் நான் இதற்குப் பதில் எழுத வந்தது 'ஆஸ்', 'ஸோ' சண்டைக்காக அல்ல. அந்தச் சண்டையில் மூழ்கி, இந்த வாக்கியங்கள் என்ன பொருள் தருகின்றன என்பதை யாரும் சொல்லித் தருவதில்லை. அதனால் எனக்கு ஒரு வேலையே போனது.

மொழிபெயர்ப்பாளர் வேலைக்கு ஒரு நிறுவனத்தில் எழுத்துத் தேர்வு வைத்தார்கள். அதில் ஒரு கேள்வி: 'பாக்ஸ் ஏ இஸ் நாட் ஆஸ் ஹெவி ஆஸ் பாக்ஸ் பி.' இதன் பொருள் என்ன? ஏ எடை குறைவு, ஏ எடை அதிகம், சொல்ல முடியாது என்று மூன்று விடைகள். நான் 'எடை குறைவு' என்று குறித்தேன். தாளைக் கையில் கொடுத்தபோது அதன் மேல் சிவப்புக் கோடு. 'சொல்ல முடியாது' என்பதுதான் விடையாம். தேர்ச்சிக்குத் தேவையான மதிப்பெண்ணுக்கு அந்த ஒரு கேள்விதான் குறைவு.

தேர்வு நடத்தியவர் வயதில் பெரியவர். மரியாதையாகத்தான் கேட்டேன். "சமம் இல்லை என்றால் கூடவும் இருக்கலாம், குறைவாகவும் இருக்கலாம் தம்பி, இது சாதாரண தர்க்கம்" என்றார். "சார், உங்கள் பையன் உங்கள் அளவுக்கு உயரமில்லை என்று நான் சொன்னால், அவர் உங்களைவிட உயரமாகவும் இருக்கலாம் என்று யாராவது புரிந்துகொள்வார்களா?" என்று கேட்டேன். "அது தமிழ், இது ஆங்கிலம். விடைக்குறிப்பில் என்ன இருக்கிறதோ அதுதான்" என்று தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

அவர் சொன்ன தர்க்கம் கணிதத்தின் சமக் குறிக்குப் பொருந்தும். ஆங்கிலம் பேசுகிறவர்கள் 'ஆஸ்... ஆஸ்' என்பதைச் சமக் குறியாகப் பயன்படுத்துவதில்லை. 'ஷி இஸ் ஆஸ் டால் ஆஸ் ஹெர் மதர்' என்று சொல்லிவிட்டு, 'இஃப் நாட் டாலர்' என்று சேர்த்துக்கொள்ளலாம். அம்மா அளவுக்கு உயரம், அதற்கு மேலும் இருக்கலாம் என்று அர்த்தம். அதில் முரண் எதுவும் தெரியாது. அங்கே 'இஃப் நாட் ஷார்ட்டர்' என்று சேர்த்துப் பாருங்கள், கேட்பவர் முகம் சுளிப்பார். ஆக, அந்த அமைப்பு சொல்வது 'குறைந்தது அந்த அளவு'. அதை மறுத்தால் 'அந்த அளவை எட்டவில்லை' என்றுதான் வரும். அதனால்தான் 'நாட் ஆஸ் ஹெவி ஆஸ்' என்றால் எடை குறைவு. 'நாட் ஆஸ் ஹெவி, இட்ஸ் ஹெவியர்' என்று ஒருவர் சொல்லக்கூடும், மறுக்கவில்லை. ஆனால் அது முன்னால் இன்னொருவர் சொன்னதைத் திருத்தும்போது, 'ஆஸ் ஹெவி' என்பதை அழுத்திச் சொல்லும் சந்தர்ப்பம். தனியாக நிற்கும் வாக்கியத்தை யாரும் அப்படிப் படிக்க மாட்டார்கள்.

'இவர் என்ன மொழியியல் பேராசிரியரா' என்று கேட்கப்போகிறவர்களுக்கு: இல்லை. மொழிபெயர்த்துச் சாப்பிடுகிறவன். ஒரு பெட்டியின் எடையைத் தப்பாக எழுதிக் கொடுத்தால் பழி என் மேல்தான் விழும். அதனால் இதில் எனக்கு அக்கறை இருக்கிறது.

தேர்வு என்றதும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதே தேர்வின் இரண்டாம் பகுதியில், ஒரு இயந்திரக் கையேட்டின் முழு அத்தியாயத்தை மொழிபெயர்க்கச் சொன்னார்கள். 'மாதிரி' என்று பெயர். பைசா கிடையாது. வந்திருந்த ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு அத்தியாயம். அத்தனையையும் சேர்த்தால் ஒரு புத்தகம் ஆகும். எல்லா நிறுவனங்களும் இப்படி என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு பத்திக்கு மேல் 'மாதிரி' கேட்டால் கூலி கொடுக்க வேண்டும். புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் இதைக் கேட்கத் தயங்கவே கூடாது.

சரி, ஒப்பீட்டுக்கு வருகிறேன். வகுப்பில் சொல்லித் தராத இன்னொரு விஷயம், எதிர்ச்சொற்கள் இரண்டும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை என்பது. 'ராம் இஸ் ஆஸ் டால் ஆஸ் குமார்' என்றால் இருவரும் நெட்டையர்கள் என்று அர்த்தமில்லை, உயரம் ஏறத்தாழ ஒன்று, அவ்வளவுதான். ஆனால் 'ஆஸ் ஷார்ட் ஆஸ் குமார்' என்றால் குமார் குள்ளம் என்பது முன்பே முடிவாகிவிட்டது. வயதுக்கும் இப்படித்தான். இரண்டு குழந்தைகளைப் பற்றி 'ஆஸ் ஓல்ட் ஆஸ்' என்று தாராளமாகச் சொல்லலாம், அவர்கள் கிழவர்கள் ஆகிவிட மாட்டார்கள். அதனால் வெறும் அளவைச் சொல்லும்போது டால், ஓல்ட், ஹெவி, பிக் பக்கமே நில்லுங்கள்.

இந்த அமைப்பின் அழகு, அளவைக் கூட்டிக் குறைக்க அது இடம் கொடுப்பது. கொஞ்சம் குறைவு என்றால் 'நாட் க்வைட் ஆஸ்', கிட்டத்தட்ட எட்டிவிட்டது என்றால் 'ஆல்மோஸ்ட் ஆஸ்', கிட்டேகூட வராது என்றால் 'நோவேர் நியர் ஆஸ்', இரு மடங்கு என்றால் 'ட்வைஸ் ஆஸ்'. 'வெரி ஆஸ் டால் ஆஸ்' மட்டும் வராது. அப்புறம், 'த்ரீ டைம்ஸ் பிக்கர் தென்' என்பதை மூன்று மடங்கு என்று சிலரும் நான்கு மடங்கு என்று சிலரும் படிப்பதுண்டு. 'த்ரீ டைம்ஸ் ஆஸ் பிக் ஆஸ்' என்று எழுதினால் அந்த வம்பே இல்லை. எண் வரும் இடத்தில் நான் எப்போதும் இதையே எழுதுகிறேன்.

இனி உங்கள் இரண்டாவது சந்தேகம். ராபர்ட் லௌத் என்ற ஆங்கிலப் பாதிரியார் 1762இல் வெளியிட்ட இலக்கணத்தில், 'ஆஸ்' என்பதற்குப் பின்னால் ஒரு வினைச்சொல் மறைந்து நிற்கிறது, அதனால் 'ஐ' தான் வர வேண்டும் என்று சொன்னார். அந்த வாதம் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. பேச்சில் எல்லோரும் 'ஆஸ் டால் ஆஸ் மீ' என்கிறார்கள், அது தவறில்லை. 'ஆஸ் டால் ஆஸ் ஐ' என்று நிறுத்துவது இன்று விறைப்பாகக் கேட்கிறது. எழுத்தில் 'ஆஸ் டால் ஆஸ் ஐ ஆம்' என்று அந்த வினைச்சொல்லையும் போட்டுவிட்டால் இரு தரப்புக்கும் ஆட்சேபம் இருக்காது. 'ஷி இஸ் ஆஸ் ஃபாண்ட் ஆஃப் ஹிம் ஆஸ் மீ' போன்ற இடத்தில்தான் உண்மையிலேயே கவனம் தேவை. அவளுக்கு அவன் மேல் இருக்கும் பிரியம் என் பிரியத்துக்கு ஈடா, என் மேல் அவளுக்கு இருக்கும் பிரியத்துக்கு ஈடா என்று புரியாது. முதல் பொருள் வேண்டுமானால் கடைசியில் 'ஆஸ் ஐ ஆம்' என்றும், இரண்டாவது வேண்டுமானால் 'ஆஸ் ஷி இஸ் ஆஃப் மீ' என்றும் முடியுங்கள்.